பத்தாவது கையெழுத்து

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று என் மருமகள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றது. கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுக்கலாமா, ஜெர்மன் எடுக்கலாமா, எது சுலபம், எதில் மார்க் கொட்டும் என்று கேட்டது. எதையோ எடுத்துத் தொலை, எடுத்த பிறகு என்னிடம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிழவனுக்குத் திமிர் என்று நினைத்திருக்கும். நினைக்கட்டும். நான் பிரெஞ்சு எடுத்த கதையைச் சொல்ல அதனிடம் எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்ற சண்டை மட்டும் முடியவில்லை. எங்கள் நகரிப் பக்கத்தில் ஒருவன் டீக்கடையில் வடை கேட்கிற தினுசை வைத்தே இவன் எந்தக் கட்சி என்று முடிவு கட்டுவார்கள். பேப்பரில் தினமும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிர்க்காவில் தமிழ் பேசுகிறவன் இத்தனை, தெலுங்கு பேசுகிறவன் இத்தனை என்று. எனக்குப் பதினேழு வயது. அதையெல்லாம் படித்துப் படித்து மண்டை சூடேறிப்போய்த் திருப்பதியில் விடுதியில் தங்கி இன்டர்மீடியட் சேர்ந்தேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குத் தறி வேலை. நான் இன்ஜினீயர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குக் கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றும் எடுத்தாக வேண்டும். கூடவே ஆங்கிலம். இது போதாதென்று இரண்டாம் மொழி ஒன்று. வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் லேபில் ஆசிட் வாடையில் நின்றுவிட்டு வந்து ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் மறுநாள் டிரிகோணமெட்ரி வந்துவிடும். இரண்டாம் மொழியாவது தெரிந்த மொழியாக இருந்தால் மூச்சுவிடலாம் என்று எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் நினைத்தோம்.

முதல் வாரம் அறிவிப்புப் பலகையில் மொழிகளின் பட்டியலை ஒட்டினார்கள். மேலே தெலுங்கு, சம்ஸ்கிருதம், இந்தி. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ‘பிற மொழிகள்’ என்று போட்டு, தமிழ், பிரெஞ்சு. பிரெஞ்சுக்கு ஏற்கெனவே ஒரு வாத்தியார் இருந்தார், அதனால் நிபந்தனை இல்லை. தமிழுக்கு மட்டும், குறைந்தது பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் வகுப்பு நடக்கும் என்று எழுதியிருந்தது. காலையில் நகரியில் ரயிலேறி ரேணிகுண்டாவில் வண்டி மாறி வந்து இறங்குவதற்குள் என் தாய்மொழி பிரெஞ்சுக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. நான்தான் முதலில் ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்பது பேரை நாலு நாளில் பிடித்தேன். என்னையும் சேர்த்து ஒன்பது. பத்தாவது ஆள் தானே வந்தான். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் என்னோடு படித்தவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழிலேயே படித்தவன். ஆனால் வீட்டில் தெலுங்கு. அவன் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். “அம்மா, அன்னம் பெட்டு” என்று கேட்டுத்தான் சோறு தின்றான். தெலுங்கில் எழுதச் சொன்னால் அவன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. எங்கள் எல்லைப்புறத்தில் இப்படி ஆயிரம் பேர். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அந்தத் தாளில் பத்தாவது வரியில் அவன் கையெழுத்துப் போட்டபோது எனக்குள் ஏதோ கடுத்தது. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு முதல் பரிசு வாங்கியவன் அவன். நான் இரண்டாவது. வீட்டில் தமிழ் பேசுகிற நான் இரண்டாவது. நைனா அதைக் கேட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் வாடகை சைக்கிள் எடுத்துச் சந்திரகிரி கோட்டைக்குப் போனோம். கல்லூரிக்குள் கூட்டம் போட்டால் வம்பு என்று அங்கே. அவன் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

“இன்டர்ல தமிழ் எடுத்தாத்தான் பி.ஏ. தமிழ்ல சேத்துப்பாங்க. அத்த முடிச்சிட்டு நம்ம ஸ்கூலுக்கே தமிழ் வாத்தியாரா வந்துருவேன்,” என்றான். “எங்கம்மா கிட்ட சொல்லிக்கினுதான் வந்தேன்.”

நான் மிதித்துக்கொண்டிருந்தேன். மேட்டில் மூச்சு வாங்கியது.

கோட்டைக்குள் மகாலின் படியில் உட்கார்ந்ததும் நான் அவனைப் பார்த்து, “நீ கொஞ்சம் அப்பால போய் நில்லு, எங்களுக்குள்ள பேசணும்,” என்றேன். அவன் எழுந்து போய் சைக்கிள்களுக்குக் காவலாக நின்றான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

நான் சொன்னேன்: “அவன் வூட்ல தெலுங்கு. நாளைக்கு எவனாவது இந்த லிஸ்ட எடுத்துப் பாத்தா இன்னா சொல்வான்? தமிழ் கேட்டவங்கள்லயே ஒருத்தன் தெலுங்குக்காரன்னு சொல்ல மாட்டானா? தலைய எண்ணிக்கினு இருக்கற நேரம்டா இது.”

புத்தூரிலிருந்து வந்த நெட்டையன் ஒருவன் எங்களில் கொஞ்சம் நிதானம். “அவன் நம்மள விட நல்லா தமிழ் எழுதறான். அவன எடுத்துட்டா ஒம்போதுதான கீது?” என்றான்.

“பலமநேரிலருந்து ஒருத்தன் புதுசா சேர்றான். அவன் போடறேன்னு சொல்லிக்கிறான்,” என்றேன்.

பச்சைப் பொய். பலமநேரிலிருந்து யாரும் சேரவில்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. ஆனால் நான் சொன்ன வேகத்தில் எட்டுப் பேரும் தலையாட்டிவிட்டார்கள். இனமானம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த வயதில் யார் எதிர்த்துப் பேசுவான். நான் அவனைக் கூப்பிட்டேன். அவன் பார்க்கப் பார்க்கவே, அவன் பெயர் மேல் பேனாவை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்தேன். பேனா கக்கி ஒரு பொட்டு மை விழுந்தது.

“நான் இன்னாடா பண்ணேன்?” என்றான்.

“வூட்ல பேசறத மாத்திக்கினு வா, அப்பறம் பாக்கலாம்,” என்றேன்.

அவன் மற்ற எட்டுப் பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தான். எல்லாரும் கோட்டை மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது அவன் என் சைக்கிளில் ஏறவில்லை, வேறு யார் சைக்கிளிலும் ஏறவில்லை. சந்திரகிரியிலிருந்து திருப்பதிவரை நடந்தே வந்தான். நாங்கள் மணியடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனோம்.

மறுநாள் காலை தாளைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே தலைமை எழுத்தர் ஒருவர், வெற்றிலை மெல்லாத நேரத்தில் மட்டும் பேசுகிறவர். பென்சிலை வைத்து ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணினார். அடித்த வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது.

“ஈ பேரு எந்துக்கு கொட்டேசாரு?” என்றார். இந்தப் பெயரை ஏன் அடித்தீர்கள் என்று.

“அவன் தெலுங்கு சார்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம்கூட இல்லை, அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

“பதிமந்தி காவாலி. தொம்மிதி மந்தி சாலரு,” என்றார். பத்துப் பேர் வேண்டும், ஒன்பது போதாது. அப்புறம் எனக்காகத் தமிழுக்கு மாறினார். “நாங்க உங்க தமிழ அடிக்கல பாபு. நீங்களே அடிச்சிக்கினு வந்துகீறீங்க. சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் டைம். பத்தாவது ஆள கூட்டிக்கினு வா.”

வெளியே எட்டுப் பேரும் காத்திருந்தார்கள். பலமநேர்க்காரன் எங்கே என்று நெட்டையன் கேட்டான். நான் முழித்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்து, “போய் அவன் கால்ல விழுந்தாவது கூட்டிக்கினு வாடா, பாவி,” என்று தள்ளினான்.

போனேன். ஒரு சத்திரத்தின் பின்கட்டில் அவனுக்கு அறை. முன்னால் மொட்டையடித்துவந்த யாத்ரீகர்கள் படுத்துக் கிடந்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனால் கிணற்றடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். கால் இரண்டிலும் கொப்புளம்.

“வந்து கையெழுத்துப் போடு,” என்றேன்.

“அடிச்ச பேரு மேலயா, கீழயா?”

“எங்கனா போடு. அஞ்சு மணிக்குள்ள வேணும்.”

அவன் சட்டையைப் பிழிந்து உதறினான். தண்ணீர் என் மேல் தெறித்தது. “வேற இன்னாவாவது சொல்லணுமா உனக்கு?” என்று கேட்டான்.

ஒரே வார்த்தை. தப்பாகிவிட்டது என்று சொன்னால் போதும், அவன் வந்திருப்பான். அவனுக்கும் அந்த வகுப்பு வேண்டும், என்னைவிட அதிகமாக வேண்டும். அவன் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். அது எனக்கும் தெரிந்தது.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றேன்.

“அப்ப போடா,” என்றான்.

ஐந்து மணி அடித்தது. தமிழ் வகுப்பு இல்லை. என்னால் அவன் போனான், அவன் ரோஷத்தால் மற்றவர்களும் போனார்கள், இரண்டுக்கும் வேர் நான்தான். எட்டுப் பேரும் தெலுங்குக்குப் போய் ஒண்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஒருவன்கூட என்னோடு பேசவில்லை. மெஸ்ஸில் நான் தட்டு வைத்த பெஞ்சிலிருந்து எழுந்து போவார்கள். நான் வீம்புக்கு, தெலுங்கு வகுப்பில் போய் உட்காரமாட்டேன் என்று பிரெஞ்சு எழுதிக்கொடுத்தேன். ஊரை ஆள்கிற மொழி வேண்டாம், கடலுக்கு அப்பால் இருக்கிற மொழி பரவாயில்லை என்கிற புத்தி.

பிரெஞ்சு வகுப்பில் மூன்று பேர். ஒருவன் வக்கீல் மகன், பாதி நாள் வரமாட்டான். ஒருவன் நான். பத்து நாள் கழித்து மூன்றாவது ஆளாக உள்ளே வந்தவன் அவன். முதலில் தெலுங்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். எழுத்துக்கூட்டத் தெரியாமல் முழித்ததும், “தெலுகுவாடிவி, தெலுகு ராதா?” என்று வகுப்பே சிரித்திருக்கிறது. தெலுங்கனாக இருந்துகொண்டு தெலுங்கு தெரியாதா என்று. தமிழ் கேட்ட இடத்தில் நீ தெலுங்கன் என்றோம். தெலுங்குக்குப் போன இடத்தில் நீ என்ன தெலுங்கன் என்றார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் வந்து என் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான்.

பிரெஞ்சு வாத்தியாருக்குத் திருப்பதியும் பிடிக்காது, எங்களையும் பிடிக்காது. புதுச்சேரியில் படித்தவர். வக்கீல் மகனிடம் சொந்தமாக இலக்கணப் புத்தகம் இருந்தது. நூலகத்தில் ஒரே பிரதி, நீங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. மற்ற நாள் அவனுக்கு. கையில் கொடுக்கமாட்டோம். மெஸ் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவோம். வகுப்பில் பேச்சுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்தி ஒருவரையொருவர் கேள்வி கேட்கச் சொல்வார். தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வார்த்தை பேசாத நாங்கள் தினமும் காலையில் பிரெஞ்சில் நலம் விசாரித்துக்கொண்டோம். போன்ஜூர் முசியே என்பான். போன்ஜூர் முசியே என்பேன். உங்கள் பெயர் என்ன என்று கேட்பேன். சொல்லுவான். உங்கள் மாமாவின் குதிரை எங்கே என்று ஒருநாள் பாடத்திலிருந்து கேட்டேன். “என் மாமாவின் குதிரை செத்துவிட்டது. உங்கள் குதிரையும் சாகும்,” என்று பிரெஞ்சில் சொன்னான். வாக்கியம் சரி என்றார் வாத்தியார். குணங்களைச் சொல்லும் வார்த்தைகளை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்ன நாளில், “என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பொல்லாதவர்,” என்று அமைத்தான். அதற்கும் சரி போட்டார்.

புத்தகத்தில் அவன் ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைப்பான். முத்து முத்தான எழுத்து. எனக்கு அகராதி புரட்ட நேரமில்லை. ரசாயன ரெக்கார்டு ஒரு பக்கம், லாகரிதம் ஒரு பக்கம் கழுத்தைப் பிடித்தன. குளிக்க வரிசையில் நிற்கும்போதும் ழெ சுய், தூ எ என்று பிரெஞ்சு வினைச்சொற்களை முனகிக்கொண்டிருப்பேன். அதனால் அவன் எழுதியதை அப்படியே விழுங்கினேன். நான் பிரெஞ்சு கற்றது அவன் தமிழ் வழியாகத்தான். நன்றி என்று ஒரு மெர்சி சொன்னதில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அவன் ஒரு பக்கத்தில் மட்டும் பொருளை வேண்டுமென்றே மாற்றி எழுதி ஜன்னலில் வைத்திருந்தான். மாதாகோயில் என்பதற்குக் குதிரை. நான் பரீட்சையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு ஜனங்கள் குடும்பத்தோடு குதிரைக்குப் போவார்கள் என்று மொழிபெயர்த்தேன். வாத்தியார் அதை உரக்கப் படித்தார். வக்கீல் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பொருளை மாற்றி எழுதியவன் சிரிக்கவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கொலைவெறி வந்தது. நியாயமாக வந்த கோபம் இல்லை என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

இரண்டு பேரும் பிரெஞ்சில் தட்டுத் தடுமாறித் தேறினோம். எனக்குக் கணக்கில் போய்விட்டது. இன்ஜினீயரும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி எழுதித் தேறி, பிறகு வேலைக்காகத் தெலுங்கை, அடியில் தொங்குகிற ஒத்தெழுத்து வரைக்கும் உட்கார்ந்து படித்து, சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவானேன். எந்த மொழி வகுப்புக்குப் போகமாட்டேன் என்று வீம்பு பிடித்தேனோ அந்த மொழியில்தான் முப்பது வருஷம் சோறு தின்றேன். அவனுக்கு பி.ஏ. தமிழ் கிடைக்கவில்லை. இன்டரில் தமிழ் எடுக்காதவனுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். ரயில்வேயில் சரக்கு குமாஸ்தாவாகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் வாத்தியாராக வேறு யாரோ வந்தார்.

அப்புறம் எல்லை பிரித்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற அவன் ஊர் மதராஸ் பக்கம் போயிற்று. தமிழ் பேசுகிற என் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. எத்தனை தலையை எண்ணி என்ன. அந்தப் பக்கம் போன கிராமத்து ஜனங்கள் சில பழைய நிலக் காகிதங்களுக்காக அப்போதும் சித்தூருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் மேஜை முன்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அவன். முன்தலை ஏறியிருந்தது. அவன் அப்பா செத்துப்போயிருந்தார். நிலத்தின் பழைய அடங்கல் நகல் வேண்டும். அதற்கு மனு தெலுங்கில் எழுத வேண்டும், அவனுக்கு எழுதத் தெரியாது.

என்னைப் பார்த்துவிட்டான். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. வேறு மேஜையில் ஆள் இல்லை. நான் மனுத் தாளை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து, யாரோ எவரோ என்பதுபோல, “பேரு சொல்லுங்க,” என்றேன்.

“அடிச்சவனுக்குத் தெரியாதா?” என்றான்.

நான் குனிந்து எழுதினேன். அவன் பெயர், அப்பா பெயர், கிராமம், சர்வே எண். எழுதி முடித்துத் தாளை அவன் பக்கம் திருப்பினேன். அவன் அந்தத் தெலுங்கு எழுத்துகளை வெகுநேரம் பார்த்தான்.

“நீ இன்னா எழுதிக்கிறன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சிக் காட்டு,” என்றான்.

படித்தேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் பெயரை என் வாயால் சொன்னேன். தப்பாகிவிட்டது என்கிற அந்த வார்த்தையும் அதற்குப் பின்னாலேயே தொண்டைவரை வந்தது. நான் விழுங்கிவிட்டேன். அவன் கேட்டு முடித்துத் தலையசைத்து, பேனாவை வாங்கி, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டான். சந்திரகிரியில் பார்த்த அதே கையெழுத்து, ஒரு சுழிகூட மாறவில்லை. நான் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன்.

“தமிழ்ல போட்டா செல்லுமா?” என்று கேட்டான்.

“செல்லும்,” என்றேன்.

“அன்னிக்கும் செல்லிருக்கும்டா,” என்றான்.